பீரோவுக்கடியில் ராணி

ஆறு வயதிலிருந்து அவளிடம் தோற்றுக்கொண்டிருந்தேன்.
கஷ்டமான வேலை அது, வேணுமென்றே தோற்பது.
எதிரே நிற்கும் யானையைக் காணாதவன் மாதிரி
காதைச் சொறிய வேண்டும்.
ராணியைக் கொண்டுபோய்ச் சிப்பாயின் வாயில் கொடுத்துவிட்டு
அய்யய்யோ என்று அலற வேண்டும்.
அப்புறம் அந்தச் சொல்:
கெட்டிக்காரி.

வண்ணாரப்பேட்டையில் எங்கள் வரிசை வீடுகள் ஏழிலும்
அவளுக்கு அதுதான் பேர்.
பால் வாங்கி வந்தாலும் கெட்டிக்காரி,
ஷூ லேஸைத் தானே முடிந்தாலும் கெட்டிக்காரி.
ஆவுடைச்செல்வி
பள்ளிக்கூட ரிஜிஸ்தரில் மட்டும் இருந்தாள்.

பாளையங்கோட்டையில் மாவட்டப் போட்டி.
வள்ளியூரிலிருந்து வந்த பொடியன், அந்தோணி ஜெபின்,
ஒழுகும் மூக்கை இடதுகையால் துடைத்து
வலதுகையால் காய் நகர்த்தினான்.
பதினோரு நகர்த்தல். முடிந்தது.
அடுத்த ஆட்டக்காரன் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறான்,
இவள் பலகையில் தன் காய்களை எண்ணிக்கொண்டிருந்தாள்.
பதினான்கு மிச்சம்.
பதினான்கு இருந்தும்.

முருகன்குறிச்சி தாண்டும்வரை பேச்சில்லை.
"அவன் ஏமாத்திட்டாம்ப்பா."
"ஆமாட்டி."
பஸ் ஜன்னலோரம் நான் சொன்ன அந்த ஆமா
இன்னும் தொண்டையில் முள்ளாக நிற்கிறது.

பிறகு என்னிடம் மட்டும்தான் ஆடினாள்.
பக்கத்து வீட்டு மைதீன் பலகையோடு வந்தால் வயிற்றுவலி,
கோச் கூப்பிட்டால் தலைவலி.
ஜெயிக்கிற இடத்தில் மட்டும் பாயை விரித்து
ஒரு மாசம்.

நான் மின்வாரியத்தில் வயர்மேன்.
டெஸ்டரை நம்பித்தான் கம்பியில் கைவைக்கிறேன்.
அது ஒருநாளும் என் மேல் இரக்கப்பட்டதில்லை;
கரண்டு இருந்தால் எரியும்.
பேட்டையில் ஒரு கம்பத்தின் உச்சியில்
பெல்ட்டில் தொங்கியபடி இது உறைத்தது.
"என்னண்ணே, மயக்கமா?" என்றான் கீழே ஹெல்ப்பர்.

அன்று ராத்திரி ஜெயித்தேன்.
காதைச் சொறியவில்லை.
கறுப்பு ராணி சுவரில் பட்டு
பீரோவுக்கடியில் போயிற்று.
"பச்சப்புள்ளகிட்ட போயி ஜெயிச்சிட்டு நிக்கியளே"
என்றாள் வடிவு, கரண்டியும் கையுமாக.

இட்லியைத் தொடாமல் படுத்தவள்
பத்தரைக்கு, இருட்டுக்குள்ளிருந்து:
"அப்பா, முந்தியெல்லாம் வேணும்னேதான் தோத்தியா?"
யார் வீட்டு மாடியிலோ தொட்டி நிரம்பி வழிகிற சத்தம்.
"ஆமா."
"எல்லாமேவா?"

ஒன்பது நாள் என்னோடு பேசவில்லை.
பத்தாம் நாள் பலகை விரிந்திருந்தது.
கறுப்பு எனக்கு. என் ராணியின் கட்டத்தில்
ஒரு சோடா மூடி.
"சிரிக்காம ஆடணும். காதச் சொறியக் கூடாது."
தெரிந்திருக்கிறது அவளுக்கு!

தோற்றாள். தை முழுக்கத் தோற்றாள்.
மாசியில் மைதீனிடமும் போய்த் தோற்றுவிட்டு வந்தாள்.
ஒருநாள் அழுதுகொண்டே ஆடினாள்:
தன் காயை நகர்த்திவிட்டு அழுவாள்,
நான் கையைத் தூக்கினால்
அழுகையை நிறுத்திவிட்டுக் கவனிப்பாள்.

பங்குனியில், கரண்டு போய் வந்த ஒரு ராத்திரி,
மூலையில் சும்மா கிடந்த குதிரை துள்ளி
என் ராஜாவையும் சோடா மூடியையும்
ஒருசேரக் குறிவைத்து நின்றது.
அதற்கப்புறம் பதினாறு நகர்த்தல் தாங்கினேன்.
நாக்கு நுனிவரை வந்துவிட்டது அந்தப் பழைய சொல்.
சூடான காப்பியை விழுங்குவது மாதிரி விழுங்கிவிட்டு,
"குதிரைய எப்பட்டி பாத்த?" என்றேன்.

"மொதல்ல பாக்கலப்பா. யானையத்தான் நகட்டப் போனேன்.
கை வைக்கப் போயி எடுத்துட்டேன்."
சொல்லிக்கொண்டே அடுத்த ஆட்டத்துக்கு அடுக்கினாள்.
அதில் தோற்றாள்.

பீரோவை நாலு விரற்கடை நகர்த்தினால்
ராணி கிடைத்துவிடும்.
வடிவு தினம் சொல்கிறாள்.
மூடியே இருக்கட்டும் என்கிறாள் இவள்.